உயர்வே இல்லாத வருஷத்தில் வந்த புத்தகம்

என் தங்கையைக் கட்டியவர் பல்கலைக்கழகத்தில் புவியியல் வாத்தியார். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மணல் சார். நான் அதே பல்கலைக்கழகத்தில் மின்பிரிவு ஆள். டியூப்லைட், மின்விசிறி, ஏசி என்று எது நின்றுபோனாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். காலையில் ஒரே வாசல் வழியாகத்தான் இருவரும் உள்ளே நுழைவோம். அவர் பேராசிரியர் என்பதற்காக என்னைக் கண்டால் தெரியாத மாதிரி போனதில்லை. பத்துப் பேர் நடுவிலும் "மச்சான், சாப்பிட்டாச்சா?" என்று சத்தமாகக் கேட்பார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

ஆற்று மணல் எங்கிருந்து கிளம்புகிறது, எவ்வளவு தூரம் நகர்கிறது, எங்கே போய்ப் படிகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கேட்க இரண்டு நிமிஷ வேலை மாதிரி இருக்கும். மனுஷன் ஒன்பது வருஷம் அதிலேயே கிடந்தார். விடுமுறை விட்டால் ஆற்றுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது பை பையாக மணல் வரும். என் தங்கை ரொட்டி சுடும் தட்டில் அது காயும். "இந்த வீட்ல சாப்பிடும்போது வாயில கல் கடிச்சா அது குத்தம் இல்ல, ஆராய்ச்சி" என்பாள் அவள்.

காய்ந்த மணலைப் பத்து அடுக்குச் சல்லடையில் போட்டுக் கையால் ஆட்டிக்கொண்டிருந்தார். தோள்பட்டை வீங்கிப் போனது. பார்க்கச் சகிக்காமல் ஒரு பழைய மின்விசிறி மோட்டாரைக் கழற்றிப் பொருத்திக் கொடுத்தேன். அது தடதடவென்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்ன சார், உள்ள அச்சகம் ஏதும் நடத்தறீங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளை அவரை உட்காரவைத்து மணலைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினார். அந்த மனிதர் அப்புறம் எந்தச் சத்தத்துக்கும் எங்கள் பக்கம் வந்ததில்லை.

இவருடைய சம்பள விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன். எங்களைப் போன்ற ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரு படி, எல்லாருக்கும் ஒரே படி. ஏறுகிறதோ இல்லையோ, யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். வாத்தியார்களுக்கு அப்படி இல்லை. ஒவ்வொருவரும் போன வருஷம் தான் என்னென்ன செய்தார் என்று பிப்ரவரி மாதம் ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சி, பாடம் நடத்துவது, துறைக்குச் செய்த மற்ற வேலைகள் என்று மூன்று பகுதி. துறை ஆசிரியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மூன்று பேர் குழு அதைப் படித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். தன் படிவம் வரும்போது மட்டும் அந்தந்த ஆள் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். துறைக்கு மொத்தமாக இவ்வளவு பணம் என்று மேலிடம் சொல்லும். அதை மதிப்பெண்படி பதினெட்டு பேருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறைந்தே தீரும். அதனால் மார்ச் மாதம் முழுக்க அந்தத் துறையில் எல்லாரும் எல்லாரையும் பார்த்து அநியாயத்துக்குச் சிரிப்பார்கள்.

மாப்பிள்ளையும் ஒரு முறை அந்தக் குழுவில் இருந்தார். இருந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினேழு பேருக்கும் நாலு போட்டார். துறைத்தலைவர் கூப்பிட்டு, "எல்லாருக்கும் ஒரே மார்க் போட்டா அப்புறம் குழு எதுக்கு சார்? வித்தியாசம் காட்டுங்க" என்று திருப்பி அனுப்பினார். இவர் ஒரு நாள் முழுக்க யோசித்து எல்லாருக்கும் 3.9 போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.

பாடம் நடத்துவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பருவம் முடிந்ததும் மாணவர்கள் பெயர் எழுதாமல் ஒரு தாளில் வாத்தியாரைப் பற்றிக் கருத்து எழுதுவார்கள். "இவர் வகுப்பில் தூங்கவே முடியவில்லை, கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்" என்று ஒருத்தன் எழுதியிருந்தான். அதைக் குறையாக எடுப்பதா நிறையாக எடுப்பதா என்று குழு பத்து நிமிஷம் பேசியதாம்.

ஒன்பது வருஷ மணல் கடைசியில் புத்தகமானது. அச்சிட ஏற்றுக்கொண்டோம் என்று பதிப்பகத்திலிருந்து ஒரு டிசம்பரில் கடிதம் வந்தது. அன்றைக்கு அவர் நடந்து போனதைப் பார்த்திருக்க வேண்டும், தரையில் கால் படவில்லை. பிப்ரவரியில் படிவம் எழுதும்போது புத்தகத்தை முதல் வரியிலேயே எழுதினார். பக்கத்து அறைக்காரர் ஒருவர் உண்டு, சாமர்த்தியசாலி, எதையும் நாள் பார்த்துச் செய்கிறவர். அவர் வந்து நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கிறார்:

"சார், இந்த வருஷம் உயர்வுக்குப் பணமே வராதுன்னு பேச்சு அடிபடுது. கடிதத்தை உள்ள வைங்க. புத்தகம் அச்சாகி வந்த வருஷத்துல காட்டிக்கலாம். ஏத்துக்கிட்ட வருஷம், அச்சான வருஷம், ரெண்டுல ஒரு தடவை காட்டலாம்னு விதியே இருக்கு. நான் என் கட்டுரையை அப்படித்தான் வச்சிருக்கேன்."

"டிசம்பர்ல வந்த கடிதத்தை டிசம்பர்ல வரலன்னு எழுதணுமா சார்?"

"வரலன்னு எழுத வேண்டாம். எழுதாம விடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்றிருக்கிறார் இவர்.

குழு ஆராய்ச்சிக்கு ஐந்துக்கு ஐந்து போட்டது. அந்தத் துறையில் அபூர்வமாக விழும் மதிப்பெண் அது. அடுத்த மாதமே மேலிடத்திலிருந்து ஓலை வந்தது: பணம் இல்லை, இந்த ஆண்டு யாருக்கும் உயர்வு கிடையாது. ஐந்தைச் சைபரால் பெருக்கினால் சைபர்தான். புத்தகத்தை ஒரு முறைதான் எண்ணலாம். எண்ணியாகிவிட்டது. ஒன்பது வருஷம் அத்தோடு போயிற்று.

அடுத்த வருஷம் பணம் வந்தது. இவர் படிவத்தில்தான் காட்ட ஒன்றுமில்லை. அச்சான புத்தகம் மேஜைமேல் கனமாக உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதை எழுதக்கூடாது. பக்கத்து அறைக்காரர் இரண்டு கட்டுரைகளை எழுதிக்கொண்டு ஜம்மென்று இருந்தார்.

போனால் போகட்டும் என்று விடுகிற நிலைமையில் வீடு இல்லை. மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்த காலத்துச் சம்பளம் சின்னது. அது இந்த வருஷாந்திர உயர்வில் ஊர்ந்து ஊர்ந்துதான் வளர வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கோ எடுத்த எடுப்பிலேயே பெரிய சம்பளம். இவரிடம் படித்த பையன் ஒருவன் அதே துறையில் சேர்ந்து இவரைவிட அதிகம் வாங்கிக்கொண்டு, "சார், சார்" என்று இவர் பின்னாலேயே வருகிறான். வாடகை ஏறிவிட்டது. என் மருமகள், அதாவது அவர் மகள், அந்த வருஷம் கல்லூரிக்குப் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கட்டுமானப் பொருள் விற்கும் கம்பெனி ஒன்று இவரைக் கூப்பிட்டது. அவர்கள் மணலைச் சோதித்துத் தரம் சொல்ல ஆள் வேண்டும். ஒன்றரை மடங்கு சம்பளம். மே மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவரே சொன்னார்.

"இந்த வருஷமும் உயர்வு கைக்கு வரலன்னா கம்பெனிக்குப் போயிடறேன்."

தங்கை கரண்டியோடு நின்றாள். "நிஜமாவா சொல்றீங்க? கிளாஸ் எடுக்காம உங்களால இருக்க முடியுமா?"

"முடியாதுதான். அதுக்காக வீட்டுல இருக்கிறவங்க கஷ்டப்படணுமா?"

"அப்பா அங்க போயும் மூட்டை தூக்கறவங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சுக் கேள்வி கேப்பாரு" என்றாள் மருமகள். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படத் தெரிந்த மனிதனாக இருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. தேமே என்று உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அந்த வருஷக் குழுவுக்குத் தலைவி ஒரு மூத்த பேராசிரியை. அவரைத் தராசு என்பார்கள். விடைத்தாளில் அரை மதிப்பெண்ணுக்காக மூன்றாவது முறை திருத்துகிறவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "தராசு உட்கார்ந்திருக்கிற வருஷத்துல விதியை மீறி ஒரு எறும்பு கூட நகராது மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அன்றிலிருந்து அந்த அம்மாளை மனதுக்குள் நான் திட்டாத நாள் இல்லை.

ஏப்ரல் ஆறாம் தேதி காலை, மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் ஏசி ஒழுகுகிறது என்று புகார் வந்தது. ஏணியோடு போனேன். நீள மேஜை. அதன்மேல் பதினெட்டு கோப்புகள் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. தராசு மட்டும் தனியாக உட்கார்ந்து பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையில் அந்தச் சமயத்தில் நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது. குழாயில் அடைப்பு. எடுத்துவிட்டுப் பேசாமல் இறங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"நீங்க மணல் சாரோட மச்சினர்தானே?" என்று அவர்தான் கேட்டார், தலையை நிமிர்த்தாமல்.

"ஆமா மேடம்" என்றேன். அதோடு நிற்க வேண்டியதுதானே? ஏணிமேல் நின்றுகொண்டே ஆரம்பித்துவிட்டேன். "மேடம், தப்பா நினைக்காதீங்க. ஒரு மனுஷன் ஒன்பது வருஷம் உழைச்சதை, பணமே இல்லாத வருஷத்துல எண்ணி முடிச்சிட்டோம்னா, அது எண்ணினதுல சேர்த்தியா?"

"இங்க அதைப் பத்திப் பேசக்கூடாது."

"பேசாம இருந்துதான் மேடம் அவர் இந்த நிலைமைல இருக்காரு. பொய் சொல்லத் தெரியாதவனுக்கு நட்டம், நாள் பார்த்துக் காட்டறவனுக்கு லாபம். உங்களைத் தராசுன்னு சொல்றாங்க. தராசுல ஒரு தட்டை மட்டும் பார்த்தா போதுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"உங்க முழுப் பேரு?"

சொன்னேன்.

"மணி என்ன இப்ப?"

"பத்தே முக்கால் மேடம்."

எழுதிக்கொண்டார். "ஏசி சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு."

"போயிட்டு வாங்க."

குறித்துக்கொண்டாரே, விஷயம் மண்டையில் ஏறிவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போய், பெரிய சாதனை செய்த மாதிரி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே மாப்பிள்ளை முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"பேரை எழுதிக்கிட்டாங்களா?"

"ஆமா. நேரத்தையும்."

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "மச்சான், குழு நடக்கிறப்ப யாராவது ஒருத்தருக்காகப் பரிஞ்சு பேசினா, அதைக் குறிப்புல எழுதணும். அதுக்குத்தான் எழுதியிருக்காங்க. நாலு வருஷம் முன்னாடி ஒருத்தரோட மனைவி டீனுக்கு போன் பண்ணினாங்க. அவரு ஃபைலை மதிப்பெண்ணே போடாம ஓரமா வச்சிட்டாங்க."

"எனக்கு இது தெரியாதே மாப்ள."

"தெரியாதுன்னா பேசாம இருக்கணும்" என்றாள் தங்கை. "ஊர்ல இருக்கிற எல்லாத்துக்கும் சுவிட்ச் வைக்கிறியே அண்ணா, உன் வாய்க்கு ஒண்ணு வச்சுக்கக் கூடாதா?"

மருமகள் மட்டும் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "மாமாவுக்கு ஃபியூஸ் போயிடுச்சும்மா, விடு" என்றாள்.

மறுநாள் மாப்பிள்ளை தராசின் அறைக்குப் போய், என் மச்சினர் பேசியது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லியிருக்கிறார். அவர் கதவருகிலேயே நிறுத்தி, "உங்க ஃபைலைப் பத்தி உங்ககிட்டயும் பேச முடியாது சார். பத்து மணிக்கு உங்களுக்கு கிளாஸ் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வாசலில் பார்த்தால் வழக்கம்போல "சாப்பிட்டாச்சா மச்சான்?" என்றார். நாலு அறை விட்டிருந்தால் கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வீட்டில் சல்லடைகளைத் துடைத்து ஒரு பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். அலமாரியில் கம்பெனிக் கடிதம் மேலாக வைக்கப்பட்டிருந்தது. தங்கை என்னிடம் பேசினாள், ஆனால் உப்பு இருக்கா, போதுமா என்ற அளவில்தான்.

சம்பள உயர்வுக் கடிதங்கள் மே மாதம் இரண்டாவது வியாழக்கிழமை வரும் என்று துறை அலுவலகத்துக் குமாஸ்தா சொன்னார். அந்தத் தாழ்வாரத்தில் நன்றாக எரிந்துகொண்டிருந்த ஒரு டியூப்லைட்டைக் காலை பத்து மணிக்கே கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். பதினொன்றுக்கு குமாஸ்தா வந்து, சுவரில் இருக்கும் பதினெட்டுத் தபால் அறைகளிலும் ஆளுக்கொரு உறை போட்டார். பக்கத்து அறைக்காரர் முதல் ஆளாக வந்து எடுத்துப் போனார். மாப்பிள்ளை வந்தார், உறையை எடுத்தார், சட்டைப்பையில் வைத்தார்.

"பிரிங்க மாப்ள!" என்றேன் ஏணியிலிருந்து.

"கிளாஸ் இருக்கு மச்சான். பசங்க காத்திருக்காங்க."

"ஒரு நிமிஷம் காத்திருந்தா செத்துடுவாங்களா?"

"பிரிச்சிட்டுப் போனா என்னால ஒழுங்கா எடுக்க முடியாது. நல்லதா இருந்தாலும் சரி, கெட்டதா இருந்தாலும் சரி."

போய்விட்டார். ஐம்பது நிமிஷம். அந்த டியூப்லைட்டை நான் எத்தனை தடவை துடைத்தேனோ, அது கண்ணாடியாகவே ஆகிவிட்டது. வகுப்பு விட்டதும் வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். நானும் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உறையைக் கிழிக்கவில்லை, ஓரத்தை மெதுவாக நகத்தால் பிரித்தார். படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"வாய் விட்டுப் படிங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"போன வருஷம் யாருக்கும் உயர்வு இல்லாததால, பதினெட்டு பேருக்குமே போன வருஷ மதிப்பெண்ணையும் இந்த வருஷ மதிப்பெண்ணையும் சேர்த்துச் சராசரி எடுத்திருக்காங்க மச்சான். எனக்கு ஆராய்ச்சிக்கு அஞ்சும் ரெண்டும் சேர்ந்து மூணரை. பாடத்துக்கு நாலரை. பதினெட்டுல ஏழாவது இடம்."

"ஏழாவதா? அது நல்லதா கெட்டதா?"

"நல்லது மச்சான்" என்றார். "வாடகைக்கும் பொண்ணு படிப்புக்கும் போதும். இது ஒரு தடவை கொடுத்துட்டுப் போறது இல்ல, சம்பளத்தோடயே சேர்ந்துடும்."

என் நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். "அப்ப நான் பேசினது?"

உறைக்குள் இன்னொரு தாள் இருந்தது. குழுவின் குறிப்பில் இவர் சம்பந்தப்பட்ட பகுதியின் நகல். அதை என் கையில் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரு ஆண்டுச் சராசரி எடுப்பது என்று குழுத் தலைவி கொண்டுவந்த யோசனையை, குழு ஏப்ரல் நான்காம் தேதி ஏற்றுக்கொண்டது. டீன் ஐந்தாம் தேதி கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே: ஆறாம் தேதி காலை பத்தே முக்கால் மணிக்கு, அறைக்கு வந்த மின்பிரிவு ஊழியர், இந்த ஆசிரியரின் உறவினர், கேட்காமலே தன் கருத்தைச் சொன்னார். மதிப்பெண் அனைத்தும் அதற்கு முன்பே முடிவாகிவிட்டதால் பாதிப்பு எதுவும் இல்லை. ஏசி பழுது நீங்கியது.

இரண்டு தடவை படித்தேன். நான் ஏணியில் நின்று அந்த அம்மாளுக்கு நியாயம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் அந்த நியாயத்தைச் செய்து முடித்து இரண்டு நாளாகியிருந்தது. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட நிம்மதி பெரிதாக இருந்ததால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

"நல்ல பொம்பளை மாப்ள" என்றேன்.

"நேத்து வரைக்கும் வேற மாதிரி சொன்னீங்க."

"நேத்து சொன்னதை எல்லாம் குறிப்புல எழுதணுமா?"

அவர் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு, படியில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். மேலே ஏறி வந்த பிள்ளைகள் இரண்டு பேர் பயந்து ஒதுங்கிப் போனார்கள். சிரித்து முடித்ததும் முகம் கொஞ்சம் வாடியது. "பக்கத்து ரூம் சாருக்கு இதுல குறைஞ்சிருக்கும் மச்சான். போன வருஷம் ஒண்ணும் காட்டலையே அவரு."

"அவரைப் பத்தி இன்னைக்கு நீங்க கவலைப்பட்டீங்கன்னா, நான் ஏணியை எடுத்து உங்க மேலயே போட்டுடுவேன்."

தங்கைக்கு போன் போட்டார். "ஏழாவது" என்று மட்டும்தான் சொன்னார். மறுபக்கத்தில் அவள் மூக்கை உறிஞ்சுவது எனக்கே கேட்டது. "அண்ணா பக்கத்துல இருக்கா? அந்தப் பெரிய மனுஷனையும் சாப்பிட வரச் சொல்லுங்க" என்றாள்.

அடுத்ததாகக் கம்பெனிக்குப் போன் செய்தார். வர முடியாது, மன்னிக்கணும் என்றார். அந்தப் பக்கம் சம்பளம் போதவில்லையா, கூட்டித் தருகிறோம் என்று கேட்டார்கள் போலிருக்கிறது.

"இல்லைங்க, அதெல்லாம் தாராளம்தான். வர்ற திங்கக்கிழமை முதல் வருஷப் பசங்க நாப்பது பேரை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு" என்றார்.